கிறிஸ்தவக் கல்லூரியில் கவுன்சலிங் படிப்பு: வீட்டாருக்கு 30 பயனுள்ள குறிப்புகள்

திருவள்ளூர், காக்களூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலர் இப்போது "சைக்காலஜி எடுக்கிறேன், அப்புறம் கவுன்சலிங் படிக்கிறேன்" என்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பாவுக்கும் வீட்டையும் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் அம்மாவுக்கும் இந்தப் படிப்பு புதிது. எந்தக் கல்லூரி, என்ன செலவு, நாளைக்கு வேலை கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு அக்கம்பக்கத்தில் பதில் கிடைப்பதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் மனிதர்களைச் சந்தித்துச் சந்தித்துத் தேற வேண்டிய படிப்பு இது. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது முதல் வீட்டு பீரோவின் சாவி வரை, இங்கே உள்ள குறிப்புகள் எல்லாம் அந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

சேர்வதற்கு முன்

1. நம் பகுதியிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய பழைய கிறிஸ்தவக் கல்லூரிகள் சென்னையில் இருக்கின்றன. 1925இல் இயேசு சபையினர் தொடங்கிய லயோலா கல்லூரியில் கவுன்சலிங் சைக்காலஜி முதுநிலைப் படிப்பு உண்டு. 1915இல் தொடங்கிய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி உளவியல் பாடத்துக்குப் பெயர் பெற்றது. 1837இல் வேர்விட்டு 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும், 1947இல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸும் சமூகப்பணி படிக்க ஏற்றவை. விடுதியில் தங்கிப் படிக்கச் சம்மதம் என்றால் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியையும் பாருங்கள். சலேசிய சபையினர் 1951இல் தொடங்கிய அந்தக் கல்லூரியிலும் கவுன்சலிங் சைக்காலஜி உண்டு. பாடப்பிரிவுகள் மாறுவது வழக்கம் என்பதால் இந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்த பிறகு விண்ணப்பம் போடுங்கள்.

2. முழுமையான கவுன்சலிங் படிப்பு பெரும்பாலும் முதுநிலையில்தான் வருகிறது. பிளஸ் டூ முடித்தவுடன் பி.எஸ்ஸி. உளவியல் அல்லது சமூகப்பணி இளநிலையில் சேர்வது நல்ல அடித்தளம். வேறு பட்டம் முடித்தவர்கள், "எந்த இளநிலைப் பட்டம் இருந்தால் முதுநிலையில் சேரலாம்?" என்று துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.

3. கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் கட்டடத்தையும் கேன்டீனையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். துறைத் தலைவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். களப்பயிற்சி மொத்தம் எத்தனை மணி நேரம்? எந்த மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறீர்கள்? ஒரு மேற்பார்வையாளரிடம் எத்தனை மாணவர்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்கிற துறையில் நம்பிச் சேர்க்கலாம். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பதில் வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

4. பைபிள் கல்லூரிகளும் இறையியல் கல்லூரிகளும் "கிறிஸ்தவ கவுன்சலிங்" என்று டிப்ளமோ நடத்துகின்றன. சபைப் பணிக்குப் போகிறவர்களுக்கு அது பயன்படும். ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் வேறு, சபைப் பயிற்சிச் சான்றிதழ் வேறு. இறையியல் பட்டம் என்றால் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரியா என்று பாருங்கள். 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் அரசரின் சாசனம் கிடைத்தது. 1918ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் அதன் பட்டம் வழங்கும் உரிமையை உறுதி செய்தது. மற்ற சான்றிதழ்கள் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. வேலைக்குப் போய்க்கொண்டே தபால் வழியில் படித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் படிப்பைத் தொலைதூரக் கல்வியாகவோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் யாராவது "வீட்டிலிருந்தே எம்.எஸ்ஸி. சைக்காலஜி" என்று விளம்பரம் செய்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

6. கவுன்சலர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட் மூவரும் ஒருவரல்ல. சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பெயர்ப்பலகை வைக்க இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். எம்.எஸ்ஸி. கவுன்சலிங் முடித்தால் அந்தப் பதிவு தானாக வந்துவிடாது. பிள்ளையின் மனதில் இருப்பது இவற்றில் எது என்று இப்போதே உட்கார்ந்து பேசிவிட்டால் பிற்பாடு ஏமாற்றம் இராது.

7. "நாம இந்துக் குடும்பம், அங்கே ஜெபம் பண்ணச் சொல்வாங்களோ?" என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் சம்மதம் இல்லாமல் யாரையும் மத வகுப்பிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்க முடியாது. 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். காலைக் கூட்டத்தில் ஒரு பாட்டும் சிறு ஜெபமும் இருப்பது வழக்கம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் தலைமுறைகளாக அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

8. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சிறுபான்மையினர் ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அதற்குத் திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத் தந்தை அல்லது ஆயரின் கடிதமும் கேட்பார்கள். சிப்காட் வேலைக்காகத் தென் மாவட்டங்களிலிருந்து வந்து தங்கியவர்களின் சான்று ஊர்க் கோயில் பதிவேட்டில்தான் இருக்கும். பிளஸ் டூ தேர்வுக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போதே கேட்டு வாங்கி, நான்கு நகல் எடுத்து, மதிப்பெண் பட்டியலோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

பணமும் பயணமும்

9. ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். இரண்டுக்கும் கட்டண வித்தியாசம் பெரிது. பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்து, முழுப் படிப்புக்கும் ஆகும் தொகையைக் கேளுங்கள். முதல் பருவக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் இரண்டாம் ஆண்டில் நகையை அடகு வைக்க வேண்டி வரலாம்.

10. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் இளநிலைப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. கல்லூரி தனியார் நடத்துவது என்பதால் கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரியில் இதற்குப் பொறுப்பான ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள்.

11. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டிலிருந்து கல்லூரி வரை இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் ரயில்வேயில் இலவசம். கல்லூரி மாணவர்களுக்கும் முதுநிலை மாணவிகளுக்கும் சலுகைக் கட்டணம். கல்லூரி முத்திரையிட்ட படிவம் இல்லாமல் கவுன்டரில் தர மாட்டார்கள். மாதக் கடைசியில் வரிசை நீளும் என்பதால் இரண்டு நாள் முன்பே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

12. கும்மிடிப்பூண்டியிலிருந்து வருபவர்களும் திருவள்ளூரிலிருந்து வருபவர்களும் சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, எதிரே பார்க் நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடிக்கலாம். நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் லயோலா பக்கத்திலேயே இருக்கிறது. கடைசி நிறுத்தமான தாம்பரத்துக்குப் போனால் கிறிஸ்தவக் கல்லூரி. வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வரை ஒரு வழிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், தாம்பரம் என்றால் அதற்கும் மேல். சேர்க்கைக்கு முன் ஒரு வேலை நாளில், கூட்ட நேரத்தில், பிள்ளையோடு நீங்களும் ஒருமுறை போய்வந்து பாருங்கள். விடுதியா வீடா என்ற முடிவு அன்றைக்கே தெரிந்துவிடும்.

13. களப்பயிற்சி நாட்களின் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆட்டோ, வெளிச் சாப்பாடு, ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், முகாமுக்குப் போகும் பயணம் எல்லாம் கட்டண ரசீதில் வராது. மாதச் சீட்டு போல ஒரு சிறு தொகையைத் தனிக் கவரில் போட்டுவைத்தால் பிள்ளை ஒவ்வொரு முறையும் கை நீட்ட வேண்டியதில்லை.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடு

14. அப்பா ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் தினசரி நாள்காட்டியின் பக்கத்தில் ஒரு மாதத் தாளை ஒட்டுங்கள். அப்பாவின் ஷிப்ட் ஒரு நிறத்தில், பிள்ளையின் வகுப்பும் களப்பயிற்சியும் இன்னொரு நிறத்தில். நைட் ஷிப்ட் முடித்து அப்பா பகலில் தூங்கும் நாட்களில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சின்ன வீட்டில் பாதிச் சண்டை இடத்துக்காக வருவதுதான்.

15. வீட்டில் இடமே இல்லையா? ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். சென்னையில் எழும்பூர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. வகுப்புக்கும் ரயிலுக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் அங்கே அமர்ந்து குறிப்பெடுத்துவிட்டால் இரவு வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுத் தூங்கலாம்.

16. பீரோவில் ஒரு தட்டையோ சிறு பெட்டியையோ பூட்டோடு பிள்ளைக்கு ஒதுக்குங்கள். சாவி அவரிடம் மட்டும் இருக்கட்டும். பயிற்சியில் சந்தித்தவர்களைப் பற்றிய குறிப்புகள் எழுதிய நோட்டு அதில் இருக்கும். உண்மைப் பெயர், தெரு, வேலை செய்யும் கம்பெனி எதையும் எழுதாமல் ஓர் எழுத்தையோ எண்ணையோ இட்டு எழுதுவதே முறை. பழைய தாள்களைக் கடலை மடிக்கிற கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிழித்து எரித்துவிடுங்கள்.

17. "இன்னைக்கு யார் வந்தாங்க? என்ன சொன்னாங்க?" என்று கேட்காதீர்கள். பாசத்தில் வரும் கேள்வியாக இருந்தாலும், இன்னொருவர் நம்பிச் சொன்னதைப் பிள்ளை உடைக்கும்படி ஆகிவிடும். "இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லட்டும், வந்தவரைப் பற்றி வேண்டாம்.

18. வீட்டில் எல்லாரும் ஒரே செல்போனைப் பயன்படுத்துகிறீர்களா? பயிற்சிக்கான அழைப்புகளுக்குத் தனி எண் வாங்கித் தருவது நல்லது. லேப்டாப்புக்குக் கடவுச்சொல் இருக்கட்டும். களப்பயிற்சி இடத்தில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் பெருமையோடு போட வேண்டாம். பின்னால் நிற்கும் ஒருவரின் முகம் தெரிந்தால் போதும், அவருக்கு அது தீராத தலைவலி.

19. களப்பயிற்சி முடித்து வரும் மாலையில் வாசலிலேயே வேலை சொல்லாதீர்கள். கைகால் கழுவி ஒரு காபி குடிக்க அரை மணி நேரம் கொடுங்கள். நாள் முழுக்கப் பிறர் துயரத்தைக் கேட்டவருக்குச் சொந்த வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டும். தொடர்ந்து பல நாள் தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், "மேற்பார்வையாளரிடம் பேசினாயா?" என்று கேளுங்கள். கேட்பவருக்கும் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதால்தான் மேற்பார்வை என்ற ஏற்பாடே இருக்கிறது.

20. சித்தப்பா வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்க, அத்தை மகனின் குடியை நிறுத்த, படிக்கிற பிள்ளையை அனுப்பாதீர்கள். சொந்தக்காரருக்குக் கவுன்சலிங் செய்யக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுங்கு. உறவும் ஆலோசனையும் கலந்தால் இரண்டும் கெடும். வேறொரு நல்ல கவுன்சலரின் முகவரியைத் தருவது வரைதான் பிள்ளையின் வேலை.

பயிற்சிக் காலத்தில்

21. வகுப்பில் மூன்று மூன்று பேராகப் பிரிந்து பழகுவார்கள். ஒருவர் பேசுபவர், ஒருவர் கேட்பவர், மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பவர். வீட்டில் தோழிகளோடு சேர்ந்தும் இதைப் பழகலாம். ஒரு மாதிரி பாருங்கள். பேசுபவர்: "நைட் ஷிப்ட் ஆரம்பிச்சதுல இருந்து அவரு எங்கிட்ட பேசறதே இல்லைங்க." புதிதாகப் பழகுகிறவர் உடனே, "எல்லாம் சரியாயிடும், நீங்க பொறுமையா இருங்க" என்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பழகியவர், "பேச்சு நின்னுபோனது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் கழித்து, "பேசறதுக்கு நேரம் இல்லைன்னு நெனச்சேன்... எம்மேல கோவமோன்னு பயமா இருக்குங்க" என்று உள்ளே இருப்பதைச் சொல்வார். புத்திமதி சொல்லும் அவசரத்தை அடக்குவதே முதல் பாடம்.

22. ரெக்கார்டு நோட்டில் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் நடந்தது. மூன்றாவது பத்தியை நேர்மையாக நிரப்புகிற மாணவரே வேகமாக வளர்கிறார். இப்படி மனிதரைச் சந்தித்து, எழுதி, ஆசிரியரிடம் திருத்தம் பெறும் முறைக்கு இறையியல் கல்வியில் நீண்ட வரலாறு உண்டு. தானே மனநோயில் துன்புற்று மீண்ட ஆன்டன் பாய்சன் என்ற போதகர், 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து பயிற்சி தந்தார். மருத்துவமனைச் சிற்றாலய ஊழியர்களுக்கு இன்று தரப்படும் பயிற்சி அந்த வழியில் வந்தது.

23. ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு ஒரு சிறு தமிழ் நோட்டும் இருக்கட்டும். நம் ஊரில் யாரும் "டிப்ரஷன்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "மனசு பாரமா இருக்கு", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "தலையெல்லாம் கனக்குது", "எதுலயும் பிடிப்பு இல்ல", "காத்து கருப்பு பட்டுருச்சாம்" என்றுதான் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எழுதிவைத்து, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் பேசட்டும். வேலூரைச் சேர்ந்த பி.ஜே. பிரசாந்தம், நம் நாட்டு மனிதர்களின் அனுபவங்களை வைத்தே கவுன்சலிங் நூல் எழுதியவர். வேலூர் கிறிஸ்தவ கவுன்சலிங் மையத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவரும் அவரே.

24. இன்னொரு மொழி கற்பது இங்கே பெரிய பலம். கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை எல்லைப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. சிப்காட் ஷெட்டுகளில் ஒடிசா, பீகார் இளைஞர்கள் வீட்டை விட்டுத் தனியே தங்கி வேலை செய்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. மொழி ஒன்றானாலும் அவர்கள் சுமந்து வந்த கதை வேறு, அதைப் பொறுமையாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். துயரத்தை மனிதர் தாய்மொழியில்தான் முழுதாகச் சொல்வார்.

25. ரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் மேற்பார்வையாளரிடம் உடனே சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எந்த நிலையிலும் வெளியிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். கவுன்சலிங் அறைக்கு அந்த விதி பொருந்தாது. முதல் சந்திப்பிலேயே இந்த எல்லையை வந்தவரிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

26. விசுவாசமுள்ள பிள்ளைக்கு ஒரு வார்த்தை. துக்கத்தோடு வந்தவரிடம் வசனம் சொல்லத் தோன்றும். அவர் கேட்காமல் சொல்ல வேண்டாம். அவருடைய சாமி, அவருடைய நம்பிக்கை எதுவோ, அதிலிருந்து அவருக்குக் கிடைக்கும் தெம்பை மதிக்க வேண்டும். உதவி தேடி வந்தவரையே மையமாக வைத்த முறையை உலகுக்குத் தந்த கார்ல் ராஜர்ஸ், நியூயார்க்கில் இறையியல் படிக்கப் போய்ப் பிறகு உளவியலுக்கு மாறியவர். எதிரில் இருப்பவரைத் தீர்ப்பிடாமல் ஏற்க வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். எந்தக் கிறிஸ்தவருக்கும் அது அந்நியமான பாடம் அல்ல.

27. "மாத்திரையை நிறுத்திடுங்க, பேசியே சரி பண்ணிடலாம்" என்று எந்தக் கவுன்சலரும் சொல்லக் கூடாது. காதில் குரல் கேட்கிறது, பல நாளாகத் தூக்கமே இல்லை, சாக வேண்டும் என்கிறார் என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே சிகிச்சை உண்டு. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னையில் 1794இல் வேர்விட்ட கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும், மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பும் இருக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் கேஸுக்குப் பயந்து வீட்டிலேயே மறைத்து வைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. சிகிச்சைதான் அவசரம்.

28. கேஸ் புக்கிங் எண் ஒட்டியிருக்கும் இடத்திலேயே இந்த எண்களையும் எழுதி ஒட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். 1986 முதல் இயங்கும் சென்னை ஸ்னேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கு 181. குடி, போதையிலிருந்து மீள 14446. படிக்கிற பிள்ளைக்கு மட்டுமன்றி பக்கத்து வீட்டுக்கும் ஒருநாள் உதவும்.

படித்து முடித்த பிறகு

29. வேலை எங்கே கிடைக்கும்? சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் மாணவர்களுக்குக் கவுன்சலர் வேண்டும் என்பது வாரிய விதி. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசக் கவுன்சலர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குடும்பநல நீதிமன்றம், குடிநோய் மீட்பு மையம், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் வாய்ப்புள்ள இடங்கள். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் சேர்ந்த பிறகே நிமிர முடியும் என்பதை வீட்டார் முன்பே தெரிந்துகொண்டால், "படிக்க வெச்சது வீணாப் போச்சே" என்ற பேச்சு வராது. தொழிற்சாலை வேலைதான் குறி என்றால் சமூகப்பணி முதுநிலையில் தொழிலாளர் நலப் பிரிவை எடுங்கள். பெரிய ஆலைகள் தொழிலாளர் நல அலுவலரை வைக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்ட காலத்திலிருந்து உள்ள கட்டாயம். கவுன்சலிங் பட்டம் மட்டும் அந்தப் பதவிக்குப் போதாது.

30. கடைசிக் குறிப்பு வீட்டார் எல்லாருக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரில் ஒருவரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைக் கைக்கொண்டது. வீட்டார் நோயைப் புரிந்துகொண்டால் ஊருக்குத் திரும்பிய பிறகும் நோயாளி தேறிவருவார் என்பதே அதன் அடிப்படை. அந்தப் பழக்கத்தை நம் வீட்டிலும் தொடங்கலாம். வாரத்தில் ஒரு நாள், அப்பாவுக்கு வார விடுமுறை வரும் நாளில், டி.வி.யை அணைத்துவிட்டு ஒருவர் பேச மற்றவர்கள் குறுக்கிடாமல் கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் ஆலைகள் பெருகின, ஆட்கள் வந்தார்கள், இரவும் பகலும் வேலை நடக்கிறது. அந்த மனிதர்களின் மனதைக் கேட்க அவர்கள் மொழியும் ஷிப்டும் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் போதுமான அளவுக்கு இன்னும் இல்லை. உங்கள் மகளோ மகனோ கவுன்சலிங் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். நல்ல மேற்பார்வை உள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள், ஒரு பூட்டும் சாவியும் வாங்கிக் கொடுங்கள், பயிற்சியில் அவர்கள் காதில் விழுந்ததை நீங்கள் விசாரிக்காமல் இருங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டால் பெற்றோர் பங்கில் பாதிக்கு மேல் முடிந்தது.